மறுநாள் காலை எட்டரை மணி

ஒரு வாக்கியம் நாலு வருஷத்துக்கு மேலாக என் கூடவே இருக்கிறது. அயனாவரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் சொன்னது. கோபமாகச் சொல்லவில்லை. குறைபட்டுக்கொள்ளும் குரலும் இல்லை, காய்க்கு விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீங்க நல்லாத்தாம்மா பேசினீங்க. ஆனா மறுநாள் காலைல எட்டரை மணிக்கு அந்த கேட்டுல நான்தானே நிக்கணும்?" அன்றைக்கு அவளுக்கு நான் பதில் எதுவும் சொல்லவில்லை. கத்தரிக்காயைத் தராசில் போட்டுவிட்டு அவள் பையன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேட்டேன். பல நாள் யோசித்து, பலரிடம் பேசி, இப்போதுதான் அதைப் பற்றி எழுத வருகிறது.

நான் முப்பத்தாறு வருஷம் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவள். 2018இல் ஓய்வு பெற்றேன். அதே வருஷம் எங்கள் வீட்டின் கீழ் போர்ஷனில் குடியிருந்த பெண், தன் மகளின் யு.டி.ஐ.டி. அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு, விண்ணப்பம் போடத் தெரியாமல் மாடி ஏறி வந்தாள். ஃபாரம் என்றால் எனக்குப் பயம் கிடையாது, அதுதானே என் பிழைப்பாக இருந்தது. உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். அவள் தெரபி சென்டர் வெயிட்டிங் ஹாலில் இன்னொருத்தியிடம் சொல்ல, அவள் இன்னொருத்தியிடம் சொல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசலில் செருப்புகள் கூட ஆரம்பித்தன. இப்போது நாங்கள் ஆறு பேர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் ஒருவர், கல்லூரி மாணவிகள் இரண்டு பேர், ஆட்டிசம் உள்ள மகனை இருபத்தாறு வயது வரை வளர்த்திருக்கிற ஒரு தாய், அப்புறம் நான். குழுவுக்குப் பெயர் வைக்கவில்லை, யாரிடமும் பணம் வாங்குவதில்லை. சென்னையில் பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, வியாசர்பாடி, கொளத்தூர், இதைத் தாண்டிப் போவதும் குறைவு. ஸ்கூலுக்கு, முகாமுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கலெக்டர் ஆபீஸுக்கு, சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளின் பெற்றோருடன் கூடப் போகிறோம், அவ்வளவுதான்.

பையும் ஃபைலும்

இந்த அம்மாக்களைக் கூட்டத்தில் ஜவுளிக்கடைப் பையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். துணி எடுத்தபோது கொடுத்த பெரிய கட்டைப்பை, அதற்குள் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். பிரசவமான ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, காது கேட்கிறதா என்று பார்த்த ரிப்போர்ட், ஐ.க்யூ. டெஸ்ட், மூணு வேறு டாக்டர்களின் மூணு வேறு அபிப்பிராயங்கள், ஆதார் ஜெராக்ஸ் பத்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒரு கவர். ஃபைலுக்குப் பக்கத்தில் பிஸ்கட் பாக்கெட், மாற்று டிரவுசர், தண்ணீர் பாட்டில், சத்தம் தாங்காத பிள்ளையாக இருந்தால் காதை மூட ஒரு ஹெட்போன். வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு பெண்ணின் ஃபைலில் கடைசித் தாளாக ஒரு லேமினேஷன் இருக்கும். அவள் மகன் ஆறு வயதில் முதல்முதலாகப் போட்ட வட்டம். வட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது, கோழிமுட்டை மாதிரி ஒரு பக்கம் இழுத்திருக்கும், நீலக் கிரேயான். எந்த ஆபீஸிலும் யாரும் கேட்காத காகிதம் அது, எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "மத்த எல்லா பேப்பர்லயும் இவனுக்கு என்னென்ன வராதுன்னுதாம்மா எழுதியிருக்கு. ஒண்ணுலயாவது வர்றது இருக்கட்டுமே" என்றாள்.

இவர்களுக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மாமியார் சொல்வார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார், கோயில் வாசலில் பூ விற்பவர் சொல்வார். கோதுமையை நிறுத்து, பாலை நிறுத்து, போனைப் பிடுங்கு, ஊர் மாற்று, இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள் சரியாகிவிடும். போதாததற்கு வாட்ஸ்அப் வேறு. ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் பணம் கேட்கிறார்கள். அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லியாகிவிட்டது. ஆனாலும் தாலிச் செயினை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டப் போன ஒருத்தியை நான் கடைசி நேரத்தில் உட்காரவைத்துப் பேச வேண்டியிருந்தது. அவளை முட்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூங்காத பிள்ளையோடு தனியாக விழித்திருக்கிற ஒருத்திக்கு, செல்போனில் தெரிகிற நம்பிக்கை எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இப்படி எல்லோரும் யோசனை சொல்கிற இடத்தில் நாங்களும் போய் யோசனை சொல்லக் கூடாது என்பதில் ஆரம்பத்திலேயே தெளிவாக இருந்தேன். பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்று நாங்கள் சொல்வதில்லை, எந்தத் தெரபி நல்லது என்று சொல்வதில்லை, அதெல்லாம் படித்தவர்கள் பார்க்க வேண்டியது. ஆனால் சட்டம் விஷயத்தில் மட்டும் நான் வேறு மாதிரி இருந்தேன். அங்கேதான் தவறினேன்.

ரோஸ்மில்க்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை நான் பாடம் மாதிரி படித்தேன். 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகை ஊனங்கள்தான் இருந்தன, புதியதில் 21. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் பெயர் சொல்லி உள்ளே வந்தது இதில்தான். 16ஆம் பிரிவு, அரசு அங்கீகாரமோ நிதியோ பெறுகிற எந்தப் பள்ளியும் பாகுபாடு இல்லாமல் இந்தக் குழந்தைகளைச் சேர்க்க வேண்டும் என்கிறது. 31ஆம் பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது முடிக்கிற வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது. இதையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் மார்க்கர் பூசி, ஒரு ஃபைல் நானும் வைத்திருந்தேன்.

2019 ஜூன். அயனாவரத்துப் பெண்ணின் மகனுக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அவள் ஒரு டெய்லர் கடையில் ஓவர்லாக் மெஷினில் வேலை, வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ. பையன் வகுப்பில் உட்காருவதில்லை, மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான், மற்ற பெற்றோர் புகார் சொல்கிறார்கள், அதனால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள். அவள் என்னிடம் வந்தாள். நான் ஃபைலை எடுத்துக்கொண்டு போனேன்.

அன்றைக்கு நான் பேசியது இப்போதும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. கரஸ்பாண்டன்ட் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பிரிவு எண் சொன்னேன், வருஷம் சொன்னேன், எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன், எழுத்தில் கொடுத்தால் மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு போகும் என்றும் சொன்னேன். எதிரே இருந்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. பத்து நிமிஷத்தில், பையன் தொடர்ந்து படிக்கலாம் என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் முனைக் கடையில் அவளுக்கும் பையனுக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். பையன் நுரையை மட்டும் குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினான். அவள் அதிகம் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை என்பது இப்போது தெரிகிறது. அந்த அறையில் இருந்த அரை மணி நேரத்தில் அவள் மொத்தமே ஒரு வாக்கியம்தான் பேசியிருந்தாள், "வணக்கம் சார்."

நாலு மாசத்தில் அவளே போய் டி.சி. கேட்டு வாங்கிவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை, போன் பண்ணினாலும் எடுக்கவில்லை. அப்புறம் கொரோனா வந்தது, எல்லாம் நின்றுபோனது. 2021 ஜனவரியில் மார்க்கெட்டில் பார்த்தபோதுதான் நடந்ததைச் சொன்னாள். பையனை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. வராந்தா ஓரத்தில் அவனுக்கென்று தனியாக ஒரு பெஞ்ச் போட்டார்கள். தினமும் பதினொரு மணிக்குப் போன் வரும், "உங்க பையன் கத்தறான், வந்து கூட்டிட்டுப் போங்க." ஓவர்லாக் மெஷினை நிறுத்திவிட்டு ஓடுவாள், அரை நாள் கூலி போகும். காலையில் கேட்டில் விடும்போது வாட்ச்மேன்கூட முகம் கொடுத்துப் பேசமாட்டார். கிளாஸ் டீச்சர், நல்ல பெண்தானாம், பயந்துகொண்டு இவளிடம் பேசுவதையே விட்டுவிட்டாராம், ஏதாவது சொன்னால் அது கேஸாகிவிடுமோ என்று. "மொதல்ல அவங்களுக்கு அவன் மேல எரிச்சல் இருந்துச்சும்மா. நீங்க வந்துட்டுப் போனப்புறம் பயம் வந்துடுச்சு. எரிச்சல்னா கெஞ்சிக் கேட்டா கொஞ்சம் எறங்கி வருவாங்க. பயத்துக்கு என்ன பண்றது?" இதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த எட்டரை மணி வாக்கியத்தைச் சொன்னாள்.

தப்பு செய்தது ஸ்கூல்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. நான் சொன்ன சட்டத்திலும் தப்பில்லை. ஆனால் அந்த அறைக்குள் போனது அவள் பிள்ளைக்காக. அவளுக்குப் பேச வாய்ப்பே கொடுக்காமல் மொத்தச் சண்டையையும் நானே போட்டுவிட்டு, பெரம்பூருக்கு பஸ் ஏறி வந்து, நிம்மதியாகத் தூங்கியும் விட்டேன். சண்டையின் மிச்சத்தைத் தினம் தினம் அவள் தனியாக வாங்கிக்கொண்டாள்.

என் தங்கை மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள், அவள் மூத்த பையனுக்கும் சிறப்புத் தேவை உண்டு. இதைப் பற்றி அவளிடம் ஒருநாள் போனில் புலம்பினேன். அங்கே 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படிப்பட்ட பெற்றோருக்குத் தகவலும் ஆலோசனையும் கிடைக்க உள்ளாட்சி ஏற்பாடு செய்தே ஆக வேண்டுமாம். அதற்கும் முன்னால், 2001ஆம் ஆண்டின் அரசு வழிகாட்டியிலேயே, பெற்றோருக்குத் துணை நிற்கிற தன்னார்வலர்களைப் பற்றி எழுதியிருக்கிறது. ஸ்கூலிலிருந்து கனமான கடிதம் வந்தால் கூட உட்கார்ந்து படித்துப் புரியவைப்பது, மீட்டிங்குக்குக் கூடப் போவது, இதுதான் அவர்கள் வேலை. அவளுக்குக் கூட வந்த அம்மாள் என்ன செய்வார் என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ண மாட்டாங்க பெரியம்மா. பக்கத்துல உக்காந்து நோட் எடுப்பாங்க. போறதுக்கு முன்னாடி உனக்கு என்ன கேக்கணும்னு கேப்பாங்க, வந்தப்புறம் என்ன சொன்னாங்கன்னு நோட்டைக் காமிப்பாங்க." அது எனக்கு அப்போது போதுமானதாகப் படவில்லை. நம் ஊரில் வெறும் நோட்டை வைத்துக்கொண்டு என்ன சாதிக்க முடியும் என்றுதான் தோன்றியது.

எழுதினதை வாசிங்க

2023 ஜூனில் ஓட்டேரியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மாவு அரைத்து விற்கிறவர், இட்லி மாவு, அடை மாவு. மகன் பத்தாம் வகுப்புக்குப் போகிறான். வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான், வரலாற்றுப் பாடத்தை கதை மாதிரி சொல்வான், எழுதச் சொன்னால் ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். ஒன்பது வயதிலேயே டிஸ்லெக்சியா என்று சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்கு மேல்தான் சான்றிதழ் தருவார்கள், 14 வயதிலும் 18 வயதிலும் திரும்பப் பரிசோதிக்க வேண்டும், அது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. பழைய சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பொதுத்தேர்வு நெருங்கியதும் திண்டாடுவார்கள். இந்த அம்மா அதையும் முன்கூட்டியே புதுப்பித்து வைத்திருந்தார். மாநிலப் பாடத்திட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல் கேட்கலாம், சொல்லச் சொல்ல எழுத ஸ்க்ரைப் என்று ஒரு ஆள் கேட்கலாம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம். ஆனால் விண்ணப்பம் தலைமையாசிரியர் கையெழுத்தோடு பள்ளி வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கேதான் நின்றது. தலைமையாசிரியை பிடி கொடுக்கவில்லை.

மீட்டிங்குக்கு முன்னால் ஸ்கூல் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். மஞ்சள் மார்க்கர் ஃபைலை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன், ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டும் கையில். என்ன கேட்கணும் என்று கேட்டேன். யோசித்து யோசித்து மூன்று விஷயம் சொன்னார், எழுதிக்கொண்டேன். அப்புறம் அவராகவே சொன்னார், "அம்மா, நானே பேசறேன். எனக்கு நடுவுல அழுகை வந்துடும், எப்பவும் வரும். வந்தா நீங்க உள்ள பூந்து பேசிடாதீங்க. நான் அழுது முடிக்கிற வரைக்கும் சும்மா இருங்க."

உள்ளே போனோம். நான் யார் என்று தலைமையாசிரியை கேட்டார். "கூட வந்திருக்கேன் மேடம், சொல்றதை எழுதிக்க" என்றேன். நாற்காலியை அந்த அம்மாவுக்குப் பக்கத்தில், அரை அடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டேன். தலைமையாசிரியை பேசினார். பையன் சோம்பேறி, வாய்தான் பேசுகிறான், வீட்டில் செல்லம், ஸ்க்ரைப் வைத்தால் மற்ற பிள்ளைகள் கேட்கமாட்டார்களா, இந்த ஸ்கூல் பேர் என்ன ஆவது. அவர் சொன்னபடியே, அவர் வார்த்தையிலேயே எழுதினேன். அந்த அம்மா தன் மூன்று விஷயத்தில் இரண்டாவதுக்கு வரும்போது அழுதுவிட்டார். தொண்டை வரைக்கும் எனக்கு வார்த்தை வந்தது. பிரிவு எண் உட்பட வந்தது. நோட்டின் ஓரத்தில் பேனாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே ஃபேன் ஒரு பக்கமாகத் தட்டித் தட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். தலைமையாசிரியை எழுந்து, மண்பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து அவர் முன்னால் வைத்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "எழுதினதை வாசிங்கம்மா, ஏதாச்சும் விட்டுட்டோமான்னு பாப்போம்."

வாசித்தேன். என் குரலில் எந்த அழுத்தமும் வராமல் பார்த்துக்கொண்டேன். "பையன் சோம்பேறி என்று மேடம் சொன்னார்கள்" என்ற வரி வந்ததும் தலைமையாசிரியை கையைத் தூக்கினார். "இருங்க, இருங்க. சோம்பேறின்னு எழுதாதீங்க. நான் அந்த அர்த்தத்துல சொல்லலை. அவனுக்கு எழுத நேரம் ஆகுதுன்னு எழுதுங்க." அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். எழுதியதைத் திரும்ப வாசித்தேன், "அவனுக்கு எழுத நேரம் ஆகுது." அறையில் யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மா மெதுவாகச் சொன்னார், "அதான் மேடம். அதுக்குத்தான் ஒரு மணி நேரம் கேக்கறேன்."

தலைமையாசிரியை சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எந்த ஃபாரம், என்னென்ன இணைக்கணும், கடைசித் தேதி எப்போது என்று ஆபீஸ் ரூமிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஸ்க்ரைப் பற்றிப் பேச்சு வந்தபோது பையனையே வரவழைத்துக் கேட்டார்கள், அவன் தனக்கு வேண்டாம், நேரம் மட்டும் போதும் என்றான். அவன் அம்மாவே அதை அப்போதுதான் முதல்முறை கேட்கிறார். 2024 பொதுத்தேர்வில் கூடுதல் நேரத்தோடு தன் கையாலேயே எழுதித் தேறினான்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குத் தபால் ஆபீஸ் கவுண்டர்தான் ஞாபகத்துக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மணியார்டர் அனுப்ப வருகிறவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. ஃபாரத்தில் பணத்தோடு சேர்த்துச் செய்தி எழுத கொஞ்சம் இடம் இருக்கும், அதை நாங்கள் எழுதிக் கொடுப்போம். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டவேண்டும், என் சீனியர் ஒருவர் அதில் மிகவும் கண்டிப்பு. ஊரில் இருக்கும் தம்பிக்கு "குடித்துத் தொலைக்காதே" என்று எழுதச் சொன்ன ஒருவர், நான் வாசித்துக் காட்டியதும், "வேணாம்மா, 'உடம்பைப் பாத்துக்க'ன்னு போட்டுடுங்க" என்று மாற்றியிருக்கிறார். இப்படி எத்தனை பேர். சொல்லும்போது ஒரு மாதிரி இருக்கிற வார்த்தை, இன்னொருவர் வாயிலிருந்து திரும்பி வரும்போது வேறு மாதிரி கேட்கிறது. முப்பத்தாறு வருஷம் நான் செய்துகொண்டிருந்த வேலை அது. 2019இல் அந்த ஏ.சி. அறைக்குள் போனபோது அதைத்தான் வெளியே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

நேரா, பக்கமா

எங்கள் குழுவில் இருக்கிற கல்லூரி மாணவிகளில் ஒருத்தி இதை ஏற்றுக்கொள்ளமாட்டாள். இரண்டு வருஷமாக என்னோடு விவாதித்துக்கொண்டிருக்கிறாள். "எல்லாரும் பக்கத்துல உக்காந்து நோட் எடுத்தா யாருதான் பாட்டி நேரா நின்னு கேக்கறது?" என்பாள். பத்து சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், தொடக்கப் பள்ளிக்கு மேலே போனால் பதினைந்துக்கு ஒருவர் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது யாரோ வழக்குப் போட்டதால்தானே என்று கேட்பாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் சட்டமே யார் யாரோ சண்டை போட்டுக் கொண்டுவந்ததுதான். சேர்க்கவே மாட்டோம் என்று கேட்டைச் சாத்துகிற இடத்தில் நோட்டு மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும், அப்படிப்பட்ட இரண்டு இடத்தில் நாங்கள் மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம், ஆணையர் அலுவலகத்துக்குக் கூடப் போயிருக்கிறோம். ஆனால் இப்போதெல்லாம் அதற்கு முன்னால் அந்த அம்மாவிடம், அப்பா இருந்தால் அவரிடமும், ஒரு கேள்வி கேட்கிறேன். இது முடிந்த மறுநாள் காலை யார் பிள்ளையைக் கொண்டுபோய் விடப் போகிறீர்கள், அப்போது உங்களுக்கு அங்கே எப்படி இருக்க வேண்டும்? சிலர் யோசித்துவிட்டு, பரவாயில்லை, சண்டை போடலாம் என்பார்கள். அப்படியென்றால் போடுகிறோம். அந்த முடிவு அவர்கள் எடுத்ததாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம்.

அப்புறம், மறுநாளும் போகிறோம். இது மார்க்கெட் பேச்சுக்கு அப்புறம் வந்த பழக்கம். எந்த ஸ்கூலில் பேச்சு கொஞ்சம் காரமாகப் போனதோ, அந்தக் கேட்டுக்கு அடுத்த ஒரு வாரம் எங்களில் ஒருவர் காலையில் போய் நிற்போம். உள்ளே போவதில்லை, யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. ஐ.சி.எஃப். அண்ணன் இதில் கெட்டிக்காரர், மூன்றாம் நாளே வாட்ச்மேனோடு ஊர்ப் பேச்சில் இறங்கிவிடுவார். நான்காம் நாள் வாட்ச்மேன் அந்தப் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

கூடப் போவது என்றால் சில நாள் அதற்கும் குறைவான வேலைதான். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பெரம்பூரிலிருந்து 29சி பிடித்து அடையாறு வரை, அங்கிருந்து இன்னொரு பஸ். அங்கே போகிற ஒரு அம்மாவுக்கு என்னிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவர் பாத்ரூம் போய்வரும் வரைக்கும் மகளைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள். தனியாகப் போனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவாராம். இதற்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் செய்யலாம். இத்தனை வருஷம் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இதை எழுதப்போவதாக அயனாவரத்துப் பெண்ணுக்குப் போன வாரம் போன் பண்ணினேன். அவள் சம்மதம் இல்லாமல் எழுதுவதாக இல்லை. "எழுதுங்கம்மா, பேரு மட்டும் வேணாம்" என்றாள். பையன் இப்போது மயிலாப்பூர் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போகிறான், மீசை அரும்பிவிட்டது. சாதாரணக் கட்டண பஸ்ஸில் அவனுக்கும் கூடப் போகிறவருக்கும் டிக்கெட் இல்லை என்பதால் தினமும் அதில்தான் போகிறார்கள். "அவன் இப்ப நல்லா இருக்கான்னும் எழுதுங்க. பஸ்ல கண்டக்டர் சொல்றதுக்கு முன்னாடியே டவுட்டன், ஜெமினி, லஸ்ஸுன்னு அவன் சொல்லிடறான்னு எழுதுங்க." எழுதிக்கொண்டேன்.

எழுதி முடித்ததும் அவளைப் பற்றிய பகுதியை மட்டும் நேற்று ராத்திரி போனில் வாசித்துக் காட்டினேன். ஓவர்லாக் மெஷின், ரோஸ்மில்க், பெஞ்ச் எல்லாவற்றையும் உம் கொட்டிக்கொண்டே கேட்டாள். ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தினாள். 'நாலு மாசத்தில் டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்' என்று எழுதியிருந்தேன்.

"அவங்க குடுக்கலம்மா. நானே போய்க் கேட்டு வாங்கினேன். அப்படி மாத்திடுங்க."

மாற்றிவிட்டேன்.